கை ஓடாத நாட்களில் ராமநாதபுரம் கரை: வரைகிறவர் தனியாகப் போய்வரும் வழி

வரைகிறவர்களுக்குக் கை நின்றுபோகும் காலம் ஒன்று வரும். தாள் இருக்கும், வண்ணம் இருக்கும், நேரமும் இருக்கும். ஆனால் எதைத் தொட்டாலும் போன வருடம் போட்ட படத்தின் நகலாகவே வந்து நிற்கும். பெரும்பாலும் பழுது கையில் இல்லை, கண்ணில் இருக்கிறது. கைபேசித் திரையைப் பார்த்தே வரைந்து பழகிய கண், ஒரு பொருளின் மேல் அரை மணி நேரம் தங்கும் பழக்கத்தை விட்டிருக்கும். அதைத் திரும்பப் பிடிக்கத்தான் இந்தப் பயணம். தனியாகப் போகச் சொல்வதற்கும் அதுவே காரணம். கூட ஒருவர் வந்தால், எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், இருபதாவது நிமிடத்தில் "போலாமா?" என்பார். கண் அப்போதுதான் பார்க்கவே ஆரம்பித்திருக்கும்.

ராமநாதபுரம் கரை இதற்குப் பொருத்தமான இடம். மலை இல்லை, அருவி இல்லை. தட்டையான நிலம், குடை விரித்தது போன்ற குடைவேல மரம், பனை, மணல், படகு, தொடுவானம். வரையக் கிடைப்பவை இவ்வளவுதான் என்பதால் கண் அலையாது. அதோடு ராமேஸ்வரம் தீவின் ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. சாந்தமான முதலாவதைப் பெண்கடல் என்றும் அலையடிக்கும் இரண்டாவதை ஆண்கடல் என்றும் இங்குள்ளவர்கள் சொல்வார்கள். தனுஷ்கோடிப் பக்கம் சாலையின் இருபுறமும் இரண்டு நீரும் தெரியும். ஒரே வெளிச்சத்தில் இரண்டு நிறத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க இப்படியொரு இடம் எளிதில் அமையாது.

எப்போது போவது

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை முதல் தேர்வு. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, தனுஷ்கோடி போகும் வழியிலுள்ள கோதண்டராமர் கோயிலைச் சுற்றியுள்ள ஆழமில்லாத நீரில் பூநாரைகளும் வந்திருக்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான், அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று. மன்னார் வளைகுடாப் பக்கம் மணல் முழங்கால் உயரத்துக்குப் பறக்கும். ஈர வண்ணத்தில் ஒட்டிய மணலை எடுக்க முடியாது. அந்த மாதங்களில்தான் விடுப்பு கிடைக்கும் என்றால் பாக் நீரிணைப் பக்கமாகவே இருங்கள்: ஓலைக்குடா, சங்குமால், தேவிபட்டினம்.

பலர் தவறவிடும் ஒரு காலமும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. வெயில் கொடுமையாக இருக்கும், ஆனால் படகுகள் எல்லாம் துறையில் கட்டிக்கிடக்கும். பலகை மாற்றுவது, அடிப்பாகம் சுரண்டுவது, வண்ணம் பூசுவது என்று மராமத்து நடக்கும். படகின் உடலமைப்பைப் படிக்க விரும்புகிறவருக்கு அந்த இரண்டு மாதம் நல்ல பள்ளிக்கூடம்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை, ஐயப்ப பக்தர்கள் வரும் கார்த்திகை, மார்கழி, பள்ளி விடுமுறை, எந்த மாதமானாலும் சனி ஞாயிறு: இந்த நாட்களில் ராமேஸ்வரத்தில் உட்கார இடம் இருக்காது. திங்கள் காலை போய்ச் சேர்ந்து வெள்ளி இரவு கிளம்புவதுபோல் திட்டமிடுங்கள்.

தங்கும் இடம்

ஐந்து நாளும் ஒரே அறை. ஊர் ஊராக மாறினால் தினமும் அரை நாள் மூட்டை கட்டுவதிலேயே போய்விடும். ராமேஸ்வரத்தில் சில விடுதிகள் தனியாக வருகிறவருக்கு அறை தரத் தயங்கும். நேரில் போய் நின்று வாதாட வேண்டாம். ஒரு வாரம் முன்பே தொலைபேசியில் அழைத்து, "ஒருத்தர்தான் வர்றேன், படம் வரையறதுக்காக அஞ்சு நாள் தங்கணும்" என்று சொல்லி, ஒப்புக்கொண்டால் முன்பணம் கட்டிவிடுங்கள். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக விடுதியும் ஊரில் இருக்கிறது. ஆதார் அசல் எப்போதும் கையில் இருக்கட்டும். எல்லைக் கடற்கரை என்பதால், கரையோரம் நெடுநேரம் தனியாக உட்கார்ந்திருப்பவரைக் காவலர்கள் விசாரிப்பது வழக்கம். வரைபுத்தகத்தைத் திறந்து காட்டினால் பேச்சு அதோடு முடிந்துவிடும். டிரோன் கொண்டுபோகாதீர்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

மொத்த எடை மூன்று கிலோவுக்குள், குடிநீர் தனி.

தாள்: 300 ஜிஎஸ்எம் பருத்தித் தாளை ஏ5 அளவில் வெட்டி 25 துண்டு. பெரிய தாள் வேண்டாம், காற்றில் பாய்மரமாகிவிடும். கோட்டுப் படத்துக்கு ஏ5 புத்தகம் ஒன்று, பென்சில் 2பி, 6பி, தண்ணீரில் கரையாத மைப் பேனா ஒன்று. வட்டத் தூரிகை 6, 10, அரை அங்குலப் பட்டைத் தூரிகை. நீர்வண்ணம் எட்டு போதும்: அல்ட்ராமரைன், தாலோ நீலம், விரிடியன், மஞ்சள் ஓக்கர், ரா சியன்னா, பர்ன்ட் சியன்னா, ஒரு குளிர்ந்த சிவப்பு, ஒரு எலுமிச்சை மஞ்சள். கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் படகின் அடிநிழலுக்கு வேண்டிய ஆழமான சாம்பல் கிடைக்கும்.

தாளைப் பிடிக்க ஒன்பதுக்குப் பன்னிரண்டு அங்குல ஹார்டுபோர்டு, நாலு மூலைக்கும் நாலு கிளிப். மடக்கு நாற்காலியின் மெல்லிய கால் மணலில் புதையும், அதனால் உட்கார ஒரு கோணிச் சாக்கு. குடை காற்றில் மடங்கிவிடும். நாடா கட்டிய அகல விளிம்புத் தொப்பியே உதவும். குடிக்க மூன்று லிட்டர், வரைய அரை லிட்டர்.

கடல்நீரில் வண்ணம் கரைப்பது அழகான எண்ணமாகத் தோன்றும். செய்யாதீர்கள். தண்ணீர் காய்ந்த பின்னும் உப்பு தாளுக்குள்ளேயே இருக்கும். அதிலுள்ள மக்னீசிய உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் படம் முழுமையாகக் காயாது, மழைக்காலத்தில் பிசுபிசுக்கும், கடைசியில் பூஞ்சை பிடிக்கும்.

ஒரே இடம், ஒரே நேரம், மூன்று நாள்

பயணத்தின் உயிர்நாடி இதுதான். தனுஷ்கோடி, பாம்பன், தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என்று ஐந்து நாளில் ஐந்து ஊர் பார்த்தால் நினைவுப் படங்கள் சேரும், பார்வை மாறாது. முதல் நாள் சுற்றி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு, மூன்று, நான்காம் நாட்களில் அதே இடத்தில், அதே நேரத்தில், அதே சாக்கை விரியுங்கள். முதல்முறை கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தாளில் ஏறும், படம் நெரிசலாக இருக்கும். இரண்டாம் முறை சலிப்பு வரும், எழுந்து போகத் தோன்றும், அப்போது எழாதீர்கள். மூன்றாம் முறை எதை விடலாம் என்பது தெளிவாகும். பலருக்கும் அந்த மூன்றாம் படத்தில்தான் கை திரும்புகிறது.

நேரம் காலை ஆறு முதல் ஒன்பது, மாலை நாலு முதல் ஆறேகால். ராமேஸ்வரம் ஒன்பதேகால் பாகை வடக்கில் இருப்பதால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிச் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் நிற்கும். நிழலே இருக்காது. நிழல் இல்லாவிட்டால் பொருளுக்கு உருவம் இல்லை. அந்த வேளையில் தூங்குங்கள்.

காலையில், தனுஷ்கோடிக்கு அப்பால் தீவு முடியும் அரிச்சல்முனைக்கு ஓடத் தோன்றும். சோதனைச்சாவடி எப்போது திறக்கும் என்று முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள், மாலையில் இருட்டும் முன் எல்லோரையும் அனுப்பிவிடுவார்கள். விடியலுக்கு ஊருக்குள்ளேயே அக்னி தீர்த்தக் கரையோ சங்குமாலோ போதும், நடந்தே போகலாம். அரிச்சல்முனைக்கு அரசு நகரப் பேருந்தும் உண்டு. ஆனால் கடைசி வண்டி எப்போது என்று நடத்துநரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். கைபேசியில் ரோமிங்கை அணைத்து வைப்பதும் நல்லது. தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான், சில நேரம் இலங்கை கோபுரத்தைப் பிடித்துவிடும்.

கரைவலை இழுப்பவர்களை வரைவது

ஆள் உருவத்தில் கை இறுகிப்போனவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி தெரியவில்லை. வலையின் இரு முனைக் கயிறுகளையும் இரண்டு கூட்டம் கரையில் தள்ளித் தள்ளி நின்று இழுக்கும். வலை நெருங்க நெருங்க இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நோக்கி நகரும். ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருவதால், தவறவிட்ட நிலை அரை நிமிடத்தில் மறுபடி கிடைக்கும்.

முதல் பத்து நிமிடம் பென்சிலைத் தொடாதீர்கள். இழுப்பில் மூன்று நிலை இருப்பது கண்ணில் படும்: முன்னே குனிந்து கயிற்றைப் பற்றுவது, பின்னால் சாய்ந்து முழு எடையையும் கொடுப்பது, ஓர் அடி பின்னால் வைப்பது. பிறகு ஒரே பக்கத்தில் மூன்று இடம் விட்டு, ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கோடு மட்டும் போடுங்கள், தலையிலிருந்து பின் குதிகால் வரை. அடுத்த சுற்றில் தோளும் இடுப்பும். அதற்கடுத்த சுற்றில் கை. மூன்று உருவத்தையும் மாறி மாறித் தொட்டுக்கொண்டே போனால் முக்கால் மணி நேரத்தில் மூன்றும் நிற்கும். பொதுவாக நடக்கும் தவறு, சாய்ந்திருப்பவரை நிமிர்த்திவிடுவது. குதிகாலிலிருந்து மேலே ஒரு செங்குத்துக் கோட்டை மனதில் போட்டு, தலை அதற்கு எவ்வளவு பின்னால் இருக்கிறது என்று அளந்தால் சரியாகிவிடும். கயிற்றைக் கடைசியில் வரையுங்கள். முதலில் போட்டால் ஆட்கள் எல்லோரும் அந்தக் கோட்டில் தோரணமாகத் தொங்குவார்கள்.

அனுமதி கேட்பது தலையாயது. "அண்ணே, ஓரமா உக்காந்து படம் வரஞ்சுக்கலாமா?" என்று ஒரு வார்த்தை. கடலில் பாசி எடுத்து வரும் பெண்கள் என்றால் "அக்கா" என்றே பேசத் தொடங்குங்கள். அவர்கள் ஈர உடையோடு கரையேறும் நேரத்தில் படம் எடுப்பதும் வரைவதும் வேண்டவே வேண்டாம். கீழக்கரைப் பக்கம் மூத்த ஆண்களைக் "காக்கா" என்று அழைப்பார்கள், அது அண்ணன் என்ற பொருளில் வரும் மரியாதைச் சொல். காயப்போட்ட வலையை மிதிக்காதீர்கள், கயிற்றின் பாதையில் உட்காராதீர்கள். வரைந்து முடித்ததும் அவர்களிடம் காட்டுங்கள். "கயிறு இப்படிப் போகாதே" என்று திருத்துவார்கள், அந்தத் திருத்தம் எந்த வகுப்பிலும் கிடைக்காது.

படகு, மணல், நீர்

நீரில் மிதக்கும் படகை முதலில் எடுக்காதீர்கள். காற்று மாறினால் அது திரும்பிவிடும், பாதிப் படம் ஒரு கோணத்திலும் மீதி வேறு கோணத்திலும் வரும். கரையேற்றிய வத்தை, வல்லம் போன்ற நாட்டுப்படகு ஒன்றைத் தேடுங்கள். பெட்டி ஒன்றை அதே கோணத்தில் மெல்லிய கோட்டில் போட்டு, அதற்குள் மேல் விளிம்பின் இரண்டு வளைவுகளையும் வரைந்து, அணியத்தில் சேருங்கள். அணியம் என்பது படகின் முன்பக்கம். தூரத்து விளிம்பின் வளைவு, கிட்டத்து விளிம்பைவிடத் தட்டையாகத் தெரியும். இரண்டையும் ஒரே வளைவாகப் போடுவதால்தான் பலரின் படகு வாழை மட்டைபோல் ஆகிறது.

மணலுக்கு மஞ்சளை எடுப்பது பழக்கதோஷம். காலை வெயிலில் தனுஷ்கோடி மணல் ஏறக்குறைய வெண்மை. மிக நீர்த்த ரா சியன்னா ஒரு பூச்சு, காலடிக் குழிகளில் அல்ட்ராமரைனில் துளி சிவப்பு சேர்த்த ஊதா நிழல், அவ்வளவுதான். பெண்கடலுக்கு விரிடியனோடு ஓக்கர், நிறையத் தண்ணீர். ஆண்கடலுக்கு அல்ட்ராமரைனில் தாலோ நீலம் ஒரு துளி. இரண்டையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக, வேறெதுவும் இல்லாமல், வெறும் நிறப்பட்டைகளாகப் பூசிப் பாருங்கள். தாலோவில் கை தாராளமாகிவிட்டால் இரண்டு கடலும் நீச்சல்குள நிறத்துக்கு வந்துவிடும்.

தாளின் மேல் நேர் வெயில் விழக்கூடாது. வெயிலில் பூச்சு வெளிறித் தெரியும், நீங்கள் மேலும் மேலும் அழுத்தமாகப் பூசுவீர்கள், அறைக்குள் வந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். முதுகை வெயிலுக்குக் கொடுத்து உங்கள் நிழலைத் தாளில் விழவிடுங்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டே நிறம் கலக்க வேண்டும். வெயில் ஏற ஏறக் கடற்காற்றும் வலுக்கும், வானப் பூச்சு பாதியிலேயே காய்ந்து ஓரக்கோடு விழும். தாளின் பின்புறத்தையும் நனைத்துப் பலகையில் ஒட்டினால் இன்னும் சில நிமிடம் கிடைக்கும்.

ஒரு சாண் சுவர்

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலையும் கடல் கொண்டுபோனது. இடிந்த தேவாலயமும் ரயில் நிலையத்தின் எச்சங்களும் இன்றும் நிற்கின்றன, மீனவக் குடும்பங்கள் பக்கத்திலேயே வாழ்கின்றன. அங்கே மாண்டவர்களின் சொந்தங்கள் இன்னும் இந்தத் தீவில் இருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்து உட்காருங்கள்.

தேவாலயத்தை முழுதாக வரைய வேண்டாம், அந்தப் படம் ஆயிரம் பேர் எடுத்தாயிற்று. சுவரிலிருந்து இரண்டடி தள்ளி உட்கார்ந்து, ஒரு சாண் அகலத்தை மட்டும் தேர்ந்து, அதை அதே அளவில் தாளில் இறக்குங்கள். சுவர் பவளக்கல். உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் பூப்போன்ற சிறு குழிகள் வரிசையாகத் தெரியும், ஒரு காலத்தில் உயிர் குடியிருந்த அறைகள் அவை. சில குழிகளில் சுண்ணாம்பு அடைத்திருக்கும், சிலவற்றில் காற்று கொண்டுவந்த மணல் தங்கியிருக்கும். குழியின் மேல் விளிம்பில் நிழல், கீழ் விளிம்பில் வெளிச்சம். நாற்பது குழி வரைந்து முடிக்கும்போது ஒன்றரை மணி நேரம் போயிருக்கும். சுவரில் சாயாதீர்கள், உதிரும். கரையில் கிடக்கும் பவளத்துண்டை மாதிரிக்கென்று பையில் போடவும் கூடாது. பவளம் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது.

நினைவிலிருந்து வரைய

ராமநாதசுவாமி கோயிலுக்குள் கைபேசிக்கு அனுமதியில்லை. வரைகிறவருக்கு இது வரம். மூன்றாம் பிரகாரத்தில் 1212 தூண்கள். கிழக்கு மேற்காக நீளும் பகுதியின் ஒரு மூலையில் இருபது நிமிடம் நின்று பாருங்கள்: உங்கள் கண்மட்டம் தூணில் எந்த இடத்தை வெட்டுகிறது, தூரம் போகப் போக இடைவெளி எப்படிச் சுருங்குகிறது, எத்தனையாவது தூணுக்கு அப்பால் தூண்கள் ஒன்றாகக் கலக்கின்றன. வெளியே வந்ததும் காபி குடிக்கும் முன் வரைந்துவிடுங்கள். மறுநாள் மறுபடி உள்ளே போய்த் தவறை மட்டும் சரிபாருங்கள். ஞாபகத்தில் தூண்கள் எப்போதும் குறைவாகவும் தடிமனாகவும்தான் இருக்கும்.

பாம்பன் பாலத்தைப் பற்றி ஒரே எச்சரிக்கை. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி பார்க்கப் பிரமாதமானது, ஆனால் சாலைப் பாலத்தில் நின்று வரைவது ஆபத்து. வாகனமும் காற்றும் சேர்ந்து தள்ளும். கீழே பாம்பன் கரையிலிருந்து, ஐந்து தூணை மட்டும் எடுத்து வரையுங்கள்.

திரும்பும் நாளில் ராமநாதபுரத்தில் இறங்கி அரண்மனையின் ராமலிங்க விலாசத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்துச் சுவரோவியங்கள் அங்கே உள்ளன. போர்க்களம், அரசவை, இராமாயணக் காட்சிகள். ஐந்து நாள் கண்ணால் கண்டதை மட்டும் வரைந்தபின், முன்னோர் ஒரு கூட்டத்தை எப்படி ஒரே சுவரில் அடுக்கினார்கள் என்று பார்ப்பது நெஞ்சை நிறைக்கும். வார விடுமுறை எந்த நாள் என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.

எழுதுகிறவர் என்றால் தூரிகைக்குப் பதில் சொற்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நாலு திசைக் காற்றுக்கும் இங்கே பெயர் உண்டு. அன்றைக்கு வீசுவது எது என்று கடற்கரையில் ஒருவரிடம் கேட்டு எழுதுவதில் நாளைத் தொடங்கலாம்.

வீட்டுக்கு வந்தபின்

பயணத்தின் பலன் பெரும்பாலும் முதல் பத்து நாளில்தான் நழுவும். வந்த அன்றே படங்களைப் பையிலிருந்து எடுத்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் ஓரிரவு பரப்புங்கள். கடலோர ஈரத்தோடு கட்டிவைத்தால் தாளின் பசைப்பூச்சு கெட்டு, அடுத்த பூச்சில் திட்டுத் திட்டாக உறிஞ்சும். வண்ணக் கட்டிகளின் மேல் படிந்த மணலை ஈரத் தூரிகையால் தேய்த்தால் உள்ளே போய்விடும், ஒழுகும் தண்ணீரில் ஒரு நொடி காட்டிக் கழுவுங்கள். மூக்குக்கண்ணாடியும் அப்படித்தான்: முதலில் நல்ல தண்ணீரில் அலசிவிட்டே துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்பும் மணலும் கீறிவிடும்.

பிறகு மூன்றாம் நாள் படங்களிலிருந்து ஒன்றை எடுத்து, கைபேசிப் புகைப்படங்களைத் திறக்காமல், நாலு மடங்கு பெரிய தாளில் மறுபடி வரையுங்கள். நினைவில் இல்லாத இடத்தை வெறுமையாகவே விடுங்கள். படங்களின் பின்னால் தேதி, நேரம், காற்றின் பெயர் மூன்றையும் எழுதிக் கட்டி வையுங்கள். வேறு பருவத்தில் போகும்போது அந்தக் கட்டைக் கொண்டுபோய் அதே இடத்தில் விரித்து, அதே அளவுத் தாளில் தொடங்கலாம்.